ஃப்ரிட்ஜில் விட்ட இடம்

ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் நிறைந்த பர்பாங்கில் குடியிருப்பவர்களுக்கு ஒரு நாகரிகம் உண்டு. சூப்பர்மார்க்கெட்டில் உங்களுக்கு முன்னால் நின்று தர்பூசணியைத் தட்டித் தட்டிப் பார்க்கிற கிழவர், ஒரு காலத்தில் நாடே உட்கார்ந்து பார்த்துச் சிரித்த ஆளாக இருக்கலாம். பார்க்காத மாதிரிப் போய்விட வேண்டும். "சார், நீங்கதானே..." என்று இழுக்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். நாங்கள் எங்கள் தர்பூசணியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். அதே கிழவர் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் அவ்வப்போது நடக்கும் கையெழுத்துச் சந்தைக்கு வருவார். தன் இளவயதுப் படங்களை மேஜைமேல் அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். அதற்குத்தான் கட்டணம் வாங்குகிறார்கள்.

நான் ஜெரால்டின். ஜெரி என்று கூப்பிட்டால் போதும். பணிக்காலம் முழுக்க இந்தப் பள்ளத்தாக்கில் நகரப் பேருந்து ஓட்டினேன். அதனால் எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது, பொறுமை கொஞ்சம் சிறிது. என் புருஷன் மார்வின் ஸ்டூடியோக்களில் தச்சு வேலை பார்த்தவன். சுவர் மாதிரித் தெரிகிற அட்டையைச் செய்வதில் கெட்டிக்காரன்.

சந்தைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கிறுக்கு இருக்கும். ஒருவர் மருத்துவராக நடித்தவர்களை மட்டும் சேர்ப்பார், இன்னொருவர் நாயோடு நடித்தவர்களை. நான் சேர்ப்பது ஜோடிகள். பழைய நகைச்சுவைத் தொடர்களில் புருஷன் பெண்டாட்டியாக நடித்தவர்கள், ஒரே படத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். தனித்தனிப் படமாக வாங்கி ஒரே சட்டத்தில் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது விவாகரத்து ஆன வீடு மாதிரி. எனக்கு வேண்டாம்.

ஏன் ஜோடி என்று மார்வின் ஒருமுறை கேட்டான். நான் வளர்ந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை, அதுவும் கிடையாது. உப்பு வேண்டுமென்றால் என் மூலமாகத்தான் கேட்பார்கள். பள்ளி விட்டு வந்ததும் நான் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். மறு ஒளிபரப்பில் 'மல்க்ரூ வீடு' வரும். ராய் மல்க்ரூவும் அவன் பெண்டாட்டி டாட்டும் முதல் நிமிஷத்திலிருந்து கத்துவார்கள். தட்டு பறக்கும். கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பசித்து ஃப்ரிட்ஜிடம் வந்து நிற்பார்கள். கதவு திறக்கும், உள்ளே இருக்கிற பல்பின் வெளிச்சம் முகத்தில் அடிக்கும், சிரித்துவிடுவார்கள். முடிந்தது. ஒரு வீட்டில் சண்டை அப்படியும் முடியும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ஃப்ரிட்ஜ்தான்.

அதனால், ராயாக நடித்த வாரன் ஸ்டல்லும் டாட்டாக நடித்த க்வென் டாரன்ட்டும் ஒருவர் மூஞ்சியில் ஒருவர் விழிக்க மாட்டார்கள் என்று வளர்ந்த பிறகு தெரிந்தபோது, யாரோ என்னை ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது.

சண்டை அந்தப் பல்பிலிருந்து ஆரம்பித்ததாகச் சந்தையில் சொல்வார்கள். கதவைத் திறக்கிறவர் முகத்தில்தான் வெளிச்சம் விழும். ஒவ்வொரு வாரமும் கடைசிக் காட்சி அவருக்குத்தான். முதலில் மாற்றி மாற்றித் திறந்துகொண்டிருந்தார்களாம். தொடர் பிரபலமானதும் வாரன் தயாரிப்பாளர்களிடம் போய், கதவை இனி நான்தான் திறப்பேன், என் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். க்வென் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வருஷம் முடிந்ததும் போய்விட்டார். அடுத்த வருஷம் ராயை மனைவியை இழந்தவனாக்கிப் பார்த்தார்கள். டாட் இல்லாத வீட்டை யார் பார்ப்பார்கள்? தொடரும் செத்தது.

அதற்குப் பிறகு சந்தையில் இருவருக்கும் அரங்கின் இரண்டு கோடிகளில்தான் மேஜை. வாரன் மேஜையில் ஒரு அறிவிப்பு நிற்கும்: 'ஜோடிப் படங்களில் கையெழுத்து இல்லை.' க்வென் மேஜையில் அறிவிப்பு இல்லை. ஜோடிப் படத்தை நீட்டினால் அப்படியே தள்ளிவிடுவார்.

இதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு உபாயம் உண்டு. ஆகாத ஜோடி என்றால், படத்துக்கு மேல் ஒரு அட்டை மூடி. ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் வெட்டியிருக்கும். கையெழுத்துப் போடுகிறவருக்குத் தன் முகம் மட்டும்தான் தெரியும். எனக்கு மூடிகளை மார்வின்தான் வெட்டித் தருவான், கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவில்.

என்னிடம் இருந்த மல்க்ரூ படம் அருமையான படம். நடுவில் வெள்ளை வெளேரென்று ஃப்ரிட்ஜ். இடப்பக்கம் ராய், கரும்பழுப்பு சூட்டில். வலப்பக்கம் டாட், கருநீலக் கோட்டுப் போட்டு வெளியே கிளம்புகிற மாதிரி. இரண்டு பேர் கையும் ஃப்ரிட்ஜின் கைப்பிடியில். கையெழுத்துப் போடுவதற்கென்றே செய்த மாதிரி அந்த வெள்ளை இடம். ஆளுக்குப் பாதியாகப் போட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அது ஒன்று மட்டும் கிடைத்துவிட்டால் போதும், சந்தைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று மார்வினிடம் சத்தியம் செய்திருந்தேன். அவன் நம்பவில்லை. ஆனாலும் மூடி வெட்டித் தந்தான்.

முதலில் க்வென்னிடம் போனேன். அது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். கழிவறைக்குப் போகிற கதவுக்குப் பக்கத்தில் அவருக்கு மேஜை. கூட உதவிக்கு யாரும் இல்லை. கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு உப்பு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். என் படத்தைப் பார்த்ததும் ஒரு புருவம் மேலே போனது. டாட்டின் புருவமேதான்.

"என்ன இது? குதிரைக்குக் கண்பட்டை கட்டின மாதிரி?"

"படம் அழுக்காகக் கூடாதுன்னுதான் மேடம்."

"பொய் சொன்னா மூஞ்சியில தெரியுது உனக்கு. கண்பட்டை எனக்கா, அவனுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்," என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் பேனாவின் பின்பக்கத்தால் அட்டையை மெல்லத் தூக்கினார். தள்ளிவிடப் போகிறார், போச்சு என்று நினைத்தேன். அவர் தள்ளவில்லை. வாரன் முகத்தைப் பார்த்தார். ஃப்ரிட்ஜைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்றவன் இருமினான், அதையும் காதில் வாங்கவில்லை.

"இந்தப் படம் எடுத்த அன்னிக்கு ஃப்ரிட்ஜுக்குள்ள ஒரு செத்த எலி," என்றார். "நாத்தம்னா நாத்தம். ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுதான் அப்படிச் சிரிக்கிறோம்."

அட்டையைப் பழையபடி இறக்கினார். ஜன்னலில் பாதி ஃப்ரிட்ஜ் பளிச்சென்று தெரிகிறது. போடுங்கம்மா, போடுங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் கறுப்பு மார்க்கரை எடுத்தார். கையை ஃப்ரிட்ஜுக்கு மேலே கொண்டுபோனார். அதைத் தாண்டிக் கீழே கொண்டுபோனார்.

"மேடம், அங்கே இருட்டா இருக்கு! இந்தாங்க வெள்ளி மைப் பேனா!"

"வேணாம்," என்றார். கருநீலக் கோட்டின் அடி ஓரத்தில், கறுப்பு மையில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு கையெழுத்து. படத்தை நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் மை மட்டும் லேசாக மினுங்கும்.

படத்தை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. வெளியே வந்தால் லெனார்ட், என்னைப் போலவே படம் சேர்க்கிறவன். அவன் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு படங்களைத் தொடுகிற ஜாதி. வாங்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"ஜெரி, மனசு கஷ்டப்படாதே. பாத்ரூம்ல மாட்டலாம்."

"உன் பாத்ரூம்லயா? அங்கே ஏற்கெனவே பார்க்கச் சகிக்காததெல்லாம் இருக்குமே."

"கோபப்படாதே. கிழவி வேணும்னே கெடுத்திருக்கா. ஜோடிப் படம்னு தெரிஞ்சதும் பழி வாங்கிட்டா. அவ்வளவுதான்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கே இருந்த எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான். முதலில் போடுகிறவர் நல்ல இடத்தைப் பிடிப்பார், பெரிய நட்சத்திரம் பெரிதாகப் போடுவார், கண்ணுக்குத் தெரியாமல் போட்டால் கெடுத்துவிட்டார். இடம் இருந்தும் ஒருவர் அதில் போடாமல் போவதற்கு எங்கள் அகராதியில் வேறு அர்த்தம் இல்லை.

அடுத்த வசந்தத்தில் க்வென் போய்ச் சேர்ந்தார். அவர் ஜோடிப் படத்தில் கையெழுத்துப் போட்டு வேறு யாரும் பார்த்ததில்லை. கெட்டுப்போன என் படம் ஒன்றுதான். பாத்ரூம் என்று சொன்ன அதே லெனார்ட், விற்கிற எண்ணம் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டான். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

வாரன் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை என்று பேசிக்கொண்டார்கள். இந்த இலையுதிர் காலத்தில், இதுதான் என் கடைசிச் சந்தை என்று அறிவித்துவிட்டார். தொண்ணூறைத் தாண்டிய மனிதர். இப்போது விட்டால் எப்போதும் இல்லை.

அன்று காலை மார்வின் புது மூடி வெட்டினான். இந்த முறை டாட்டை மூடி, ராயும் அவன் பக்கத்துப் பாதி ஃப்ரிட்ஜும் மட்டும் தெரிகிற மாதிரி.

"வாயைத் திறக்காதே," என்றான் காரை நிறுத்தும்போது.

"நான் எப்போ வாயைத் திறந்தேன்?"

"மூணு வருஷம் முன்னாடி, வேற ஒரு நடிகைகிட்ட, 'டிவியில ஒல்லியா இருந்தீங்களே'ன்னு கேட்டே."

"அது அக்கறை."

"அந்த அக்கறையை இன்னிக்குக் கார்லயே விட்டுட்டுப் போ. படத்தை நீட்டு, வாங்கு, வா. நான் இங்கேயே சாண்ட்விச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

வரிசை கதவுவரைக்கும் இருந்தது. கடைசி முறை என்பதால் வெளியூரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். வாரன் மேஜைக்குப் பின்னால், பெரிய கண்ணாடி, பச்சை ஸ்வெட்டர், கழுத்தில் பட்டுத் துணி. குரல் மட்டும் கொஞ்சமும் மாறவில்லை. பக்கத்தில் அவருடைய அக்கா மகள் ட்ரூடி. தலையெல்லாம் நரைத்த, கண்டிப்பான பெண்மணி. யாருக்குப் போட வேண்டும் என்று பெயரைச் சின்ன மஞ்சள் தாளில் எழுதி ஒட்டுவது, வரிசையை நகர்த்துவது எல்லாம் அவர்தான். வாரன் எப்போதும் தடித்த நீல மார்க்கரில்தான் போடுவார். எந்தப் படமானாலும் ஃப்ரிட்ஜ் இருந்தால் ஃப்ரிட்ஜின் மேல்தான், குறுக்கே, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரைக்கும். அவர் கையெழுத்தை எல்லோரும் தேடி வருவதே அந்த வீச்சுக்காகத்தான்.

எனக்கு முன்னால் நின்றது நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஒரு அம்மாள். அறிவிப்பைப் படிக்கிற வழக்கம் இல்லாதவர் போல.

"மிஸ்டர் ஸ்டல், க்வென் போனதைக் கேட்டு ரொம்ப வருத்தப்பட்டோம்."

ட்ரூடியின் முகம் இறுகியது. வாரன் சிரித்தார்.

"நானும்தாம்மா. பாரு, அதுலயும் என்னை முந்திட்டா. எல்லாப் பேப்பர்லயும் அவ பேருதான் முதல்ல."

வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஒத்துக்கொள்கிறேன், மனுஷருக்கு நேரம் பார்த்து அடிக்கத் தெரியும்.

என் முறை வந்தது. படத்தை வைத்தேன். அட்டையைப் பார்த்ததும் ட்ரூடி வாயைத் திறந்தார். வாரன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"விடு ட்ரூடி. கண்ணு, இந்த அட்டைக்குக் கீழே யார் இருக்கான்னு எனக்குத் தெரியாது. நீயும் சொல்லாதே. சரியா?"

"சரி சார்," என்றேன்.

"யார் பேருக்கு?"

"பேர் வேண்டாம் சார். கையெழுத்து மட்டும்."

என் மனசு எப்படிப் பறந்தது தெரியுமா? இவ்வளவு சுலபமா? நீல மார்க்கரின் மூடியை எடுத்தார். முனை ஃப்ரிட்ஜின் மேல் மூலைக்கு வந்துவிட்டது. எத்தனை வருஷ ஆசை. இன்னும் ஒரு மூச்சு நேரம் நான் சும்மா இருந்தால் போதும்.

அவர் வரிசைக்காரர்களைப் பார்த்து, தன் அடுத்த நகைச்சுவையை எடுத்துவிட்டார்.

"நாலு வருஷம் ஒரே ஃப்ரிட்ஜைப் பகிர்ந்துக்கிட்டோம். அந்தப் பொம்பளை எனக்கு ஒரு அங்குலம் இடம் விட்டதில்லே, தெரியுமா?"

மறுபடியும் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய பேனா முனைக்குக் கீழே இருக்கிற வெள்ளை இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெற்று இடம். க்வென்னின் கை அதற்கு மேலே வந்து, நின்று, தாண்டிப் போனது கண்ணுக்குள் ஓடியது. அட்டையைத் தூக்கி வாரனைப் பார்த்த பிறகு. ஃப்ரிட்ஜைப் பார்த்த பிறகு.

க்வென் கெடுக்கவில்லை. கடவுளே, அவர் கெடுக்கவே இல்லை.

இத்தனை நாள் எனக்கு உறைக்காதது அந்த ஒரு நொடியில் உறைத்தது. உறைத்ததும் கோபம் வந்தது. லெனார்ட் மேல், என் மேல், எல்லோரையும்விட எதிரில் சிரிக்கிற இந்தக் கிழவர் மேல். மார்வின் சொன்னதெல்லாம் காரிலேயே இருந்துவிட்டது.

"பொய்!" என்றேன். பேருந்தில் கடைசி இருக்கைக்குக் கேட்கிற குரல். அரங்கமே திரும்பியது. பேனாவுக்குக் கீழிருந்து படத்தை இழுத்தேன். நீலத்தில் ஒரு சின்னப் புள்ளி மட்டும் விழுந்திருந்தது. அட்டையைப் பிய்த்தெடுத்து அவர் முன்னால் படத்தை வைத்தேன்.

"அம்மா, ஜோடிப் படம் போட மாட்டோம். எழுதியிருக்கே, படிக்கலையா?" ட்ரூடி எழுந்துவிட்டார். "அடுத்தவங்க வாங்க."

"அடுத்தவங்க கொஞ்சம் நிக்கட்டும். சார், பாருங்க. இடம் விடலேன்னு சொன்னீங்களே, பாருங்க."

வாரன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "என்னத்தைப் பார்க்கிறது? ஒண்ணும் இல்லையே. அவ கையெழுத்தே இல்லே இதுல."

"இருக்கு. கோட்டு ஓரத்துல. சாய்ச்சுப் பிடிங்க."

சாய்த்துப் பிடித்தார். படம் ஆட ஆட மை மினுங்கி மினுங்கி மறைந்தது. நான் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"வெள்ளிப் பேனா இல்லையா உன்கிட்ட?" என்றார் மெதுவாக. அவருக்கும் அதுதான் முதலில் தோன்றியது.

"குடுத்தேன் சார். வேணாம்னுட்டாங்க."

"என்னை அட்டையால மூடித்தானே வெச்சிருப்பே? நான் இருக்கேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்காது. அவ பாட்டுக்கு ஏதோ மூலையில போட்டுட்டுப் போயிருக்கா."

நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

"அட்டையைத் தூக்கிப் பார்த்தாங்க," என்றேன்.

"யாரு?"

"க்வென்தான். உங்களை நல்லாப் பார்த்தாங்க. ஃப்ரிட்ஜைப் பார்த்தாங்க. அட்டையை இறக்கி வெச்சாங்க. அப்புறம்தான் அங்கே போட்டாங்க."

நெப்ராஸ்கா அம்மாள் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஏதாவது சொன்னாளா?"

"எலியைப் பத்திச் சொன்னாங்க."

வாரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேஜைச் சிரிப்பு இல்லை. ஃப்ரிட்ஜ் கதவு திறந்ததும் ராய் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. என் எட்டு வயதில் கேட்டது, முழுசாக, அப்படியே.

"அந்த எலியை யார் வெளியே எடுத்தான்னு சொன்னாளா?"

"இல்லையே சார்."

"அவதான். வாலைப் பிடிச்சு எடுத்தா, வெறுங்கையால. நான் நாற்காலி மேல ஏறி நின்னுட்டேன். மொத்தக் கூட்டமும் பார்த்துச்சு. ஆனா அவ வெளியில ஒருத்தர்கிட்டேயும் சொல்லலே. இத்தனை வருஷமா சொல்லலே."

கண்ணாடியைக் கழற்றினார். பட்டுத் துணியால் துடைத்தார். கண்ணாடியைத்தான் துடைத்தார், கண்ணைத் துடைக்கவில்லை. கண் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

"எனக்கு விட்டுட்டுப் போயிருக்கா," என்றார். "முழுசையும்."

ட்ரூடி உட்கார்ந்துவிட்டார். அவருடைய மஞ்சள் தாள் கட்டு கையில் அப்படியே இருந்தது.

வாரன் நீல மார்க்கரை மூடினார். "உன்கிட்ட கறுப்பு இருக்கா, கண்ணு?"

"மாமா, வெள்ளையில நீலம்தானே எடுப்பா இருக்கும்," என்றார் ட்ரூடி.

"எது எடுப்பா இருக்கும்னு எனக்குத் தெரியும்டி. அம்பது வருஷமா அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

கறுப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். அவர் என்ன செய்யப்போகிறார் என்று புரிந்துவிட்டது. புரிந்தும், எனக்குள் இருக்கிற அந்தச் சந்தைக்காரி அலறினாள். வேண்டாம் சார், ஃப்ரிட்ஜில் போடுங்கள், க்வென்னே உங்களுக்கென்று விட்ட இடம், இனி இப்படி ஒரு படம் கிடைக்காது என்று. நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்ட நேரங்கள் குறைவு. அது அதில் ஒன்று.

அவர் கையை ஃப்ரிட்ஜைத் தாண்டிக் கொண்டுபோனார். ராயின் கரும்பழுப்புக் கால்சட்டையின் அடி மடிப்பில், முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிதானமாக எழுதினார். வாரன் ஸ்டல். சின்னதாக. க்வென்னின் கையெழுத்து எவ்வளவு இருந்ததோ அவ்வளவே.

ஊதிக் காயவைத்து நீட்டினார். இரண்டு பக்கமும் ஒன்றும் தெரியாத இருட்டு. நடுவில் பெரிய வெள்ளை ஃப்ரிட்ஜ், ஒரு நீலப் புள்ளியோடு, காலியாக.

"நடுவுல காலியா இருக்கே சார்," என்றேன்.

"இருக்கட்டும். முதல்ல அவ போடட்டும்."

"மாமா," என்று ட்ரூடி அவர் தோளைத் தொட்டார். "க்வென்..."

"தெரியும்டி. எனக்கென்ன மறதியா?" என்றார். "முதல்ல அவ போடட்டும். நான் இருக்கேன்."

நெப்ராஸ்கா அம்மாள் ஓவென்று அழ ஆரம்பித்தார். அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைக்க வேண்டியதாயிற்று. நான் படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு வெளியே நடந்தேன். வழியில் லெனார்ட் "காட்டு, காட்டு" என்று கையுறையோடு ஓடிவந்தான். நிற்கவில்லை.

மார்வின் காரின் மூக்கில் சாய்ந்து இரண்டாவது சாண்ட்விச்சைத் தின்றுகொண்டிருந்தான்.

"போட்டாரா?"

கொடுத்தேன். பார்த்தான். திருப்பிப் பார்த்தான். வெயிலில் சாய்த்துப் பார்த்தான். தெரிந்ததும் அவன் முகம் விழுந்தது.

"அடப்பாவமே. ரெண்டு பேரும் சேர்ந்து கெடுத்துட்டாங்களே, ஜெரி! இவ்வளவு இடம் கிடக்கு, ரெண்டு பேருமா இப்படி..." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "அழாதே. கார்ல வெள்ளிப் பேனா இருக்கு. கோடு மேலேயே நான் அச்சு மாறாம ஒருதரம் இழுத்துடறேன். பளிச்சுன்னு தெரியும்."

"தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்!"

நிறுத்துமிடத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பேனாவை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாற்காலிமேல் ஏறி நின்றதைச் சொன்னபோது சிரித்தான். மற்றதைச் சொன்னபோது சிக்னல் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்காமல் இருந்தான். பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். நானாக இருந்தால் இறங்கிப்போய் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். அன்றைக்கு விட்டுவிட்டேன்.

கையெழுத்துப் படங்களை வெயில் படாத இடத்தில்தான் மாட்ட வேண்டும். என் ஜோடிகள் எல்லாம் படுக்கையறைக்குப் போகிற நடையில் வரிசையாக இருக்கிறார்கள். இதை மட்டும் சமையலறையில், ஃப்ரிட்ஜுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன். வேறெங்கே மாட்டுவது? வருகிறவர்கள் பார்த்துவிட்டுக் கேட்பார்கள், ஏன் ஜெரி, இதில் மட்டும் கையெழுத்து வாங்கலையா என்று. இன்னும் போடலே, யார் முதல்ல போடறதுன்னு பேசிக்கிட்டு இருக்காங்க என்பேன். பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு காபி குடிப்பார்கள்.

போன வாரம் காலையில் மார்வின் பால் எடுக்கப் போனான். வெளியே இன்னும் சரியாக விடியவில்லை, சமையலறை விளக்கையும் அவன் போடவில்லை. நான் படுக்கையிலிருந்து கத்தினேன், ஃப்ரிட்ஜ் கதவு திறந்தே கிடக்கிற சத்தம் எனக்குத் தெரியும்.

"கதவை மூடு மார்வின்! பால் கெட்டுப்போகும்!"

"ஜெரி, இங்கே வா."

"என்னத்துக்கு?"

"வாடின்னா வா."

போனேன். ஒரு கையில் பால் டப்பா, இன்னொரு கை ஃப்ரிட்ஜின் கதவில். உள்ளே எரிகிற பல்பின் வெளிச்சம் சாய்வாகப் போய் எதிர்ச்சுவரில் விழுந்திருந்தது. படத்தில் இரண்டு பக்கமும், கீழே, அந்த இரண்டு சின்னப் பெயர்களும் மினுங்கிக்கொண்டிருந்தன.

பால் கெட்டால் கெடட்டும் என்று நானும் கொஞ்ச நேரம் நின்றேன்.